சங்கக் கணினி நோயுற்றால் முதற்காரியம் எது?

நம் சங்கங்களின் அலுவலகங்களில் பேரேட்டின் இடத்தை மடிக்கணினி பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2022 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை, 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அத்திட்டத்தில் சேர்ந்த சங்கங்களின் வரவுசெலவு ஒரு பொது மென்பொருளில் ஏறுகிறது. ஆனால் நெசவாளர் சங்கங்கள் பலவற்றில், நூல் வழங்கிய கணக்கு, கூலிப் பட்டியல், சேமிப்பு நிதிப் பிடித்தம், தள்ளுபடி மானியக் கோரிக்கை ஆகிய அனைத்தும் குமாஸ்தாவின் மேசைமீதுள்ள ஒரே ஒரு மடிக்கணினியில்தான் அடங்கியுள்ளன. கடன் சங்கங்களிலுங்கூட, அங்கத்தினர்களின் மனுக்களும் ஆவணப் பிரதிகளும் கடிதப் போக்குவரத்தும் அந்த ஓர் இயந்திரத்திலேயே இருக்கின்றன. ஒரு நாள் காலையில் அது திறக்க மறுத்தால், இழப்பு தளவாடப் பட்டியலில் உள்ள ஒரு பொருளோடு நிற்பதில்லை. யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி, யார் பெயரில் எத்தனை கிலோ நூல் நிலுவை என்பதற்கான சாட்சியமே போய்விடுகிறது.

சுற்றுப்பயணத்தில் சங்கங்களுக்குச் செல்லும்போது நான் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. “சார், கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, எதைத் தொட்டாலும் கால்மணி நேரம் ஆகிறது” என்பதே அது. இயந்திரம் மந்தமாகிவிட்டால் வைரஸ் என்றே எல்லோரும் எண்ணுகின்றனர். உண்மையில் இத்தகைய மந்தத்துக்குக் காரணமாகும் பெருநோய்கள் இரண்டு. ஒன்று, வைரஸ் எனப் பொதுவாக வழங்கும் தீய நிரல். பிறர் எழுதி நம் கணினிக்குள் புகுத்தும் கட்டளைத் தொகுப்பு அது. மற்றொன்று, ஹார்டு டிஸ்க் என்னும் வன்தட்டின் பழுது. ஓர் இயந்திர உறுப்பின் தேய்மானம் அது. இரண்டின் வெளியடையாளங்களும் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். ஐந்தாறு ஆண்டுகள் உழைத்த கணினியில் இரண்டும் ஒருங்கே அமைவதும் அரிதன்று. வைரஸுக்குக் கொடுக்கும் மருந்து பழுதுற்ற வன்தட்டுக்கு நஞ்சாக முடியும் என்பதே இதிலுள்ள அபாயம். ஆகவே, எந்த நோய் என்று முழுவதும் ஆராய்ந்து முடிப்பதற்கு முன்பாகவே கணக்குகளை வெளியே எடுத்துவிட வேண்டும். வயலில் தண்ணீர் ஏறும்போது விவசாயி முதலில் விதைநெல் மூட்டையைத்தான் மேட்டுக்குத் தூக்குகிறான். வரப்பு எங்கே உடைந்தது என்று பிறகு பார்க்கிறான்.

வன்தட்டு வேலை செய்யும் விதம்

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவ்வளவு பெரிய பெட்டியில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகளே. இன்று மடிக்கணினியில் உள்ள வன்தட்டு உள்ளங்கையில் அடங்கும்; அதன் கொள்ளளவோ இலட்சம் மடங்குக்கு மேற்பட்டது. தத்துவம் மட்டும் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது; அதன்மேல் ஒரு படிப்பு முனை உலவுகிறது. மடிக்கணினியில் உள்ளவை பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்பவை. படிப்பு முனை இசைத்தட்டின் ஊசியைப்போலத் தட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் காற்றின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமயிரின் பருமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை எண்ணிப் பார்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியைத் தூக்கி மேசைமேல் தொப்பென்று வைப்பது எத்தகைய காரியம் என்பது விளங்கும். முனை தட்டில் உரசினால் அவ்விடத்தில் கீறல் விழும். அங்கே எழுதியிருந்தது போய்விடும்.

தட்டின் பரப்பு சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கட்டமும் 512 அல்லது 4,096 பைட்டுகள் கொள்ளும். ஏதேனும் ஒரு கட்டம் கெட்டுவிட்டால் அதற்குப் பதிலாகப் பயன்படுத்த உபரிக் கட்டங்கள் சிலவற்றைத் தயாரிப்பாளர் முன்னரே ஒதுக்கியிருக்கிறார். வன்தட்டு தானாகவே இந்த மாற்றத்தைச் செய்துகொள்ளும், நமக்குத் தெரிவதில்லை. ஆனால் ஒரு கட்டத்தைப் படிக்கவே இயலாதபோது, வன்தட்டு விடாமல் மீண்டும் மீண்டும் முயலும். ஒவ்வொரு முயற்சியும் சில நொடிகளை விழுங்கும். அந்நேரம் முழுவதும் கணினி உறைந்துபோய் நிற்கும். இதைத்தான் நாம் ‘வைரஸால் மந்தம்’ என்று தவறாகக் கருதுகிறோம்.

நெசவாளருக்கு இதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. பாவில் ஓர் இழை அறுந்ததும் தறியை நிறுத்தி முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்வார். பார்க்காமல் ஓட்டினால் அறுந்த இழை பக்கத்து இழைகளில் சிக்கி அவற்றையும் அறுத்துவிடும். கெட்ட வன்தட்டை மேலும் மேலும் ஓட்டுவதும் இத்தகையதே. கீறலில் கிளம்பிய துகள், சுழலும் தட்டின்மேல் அலைந்து வேறு இடங்களையும் கீறக்கூடும்.

நெசவாளர் சங்கங்களுக்கே உரிய தொல்லை ஒன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். நூல் கிடங்கை ஒட்டிய அறையில் கணினி இருந்தால், பஞ்சுத் தூசு அதன் விசிறியில் படிந்து காற்றோட்டத்தை அடைத்துவிடும். வன்தட்டின் மூச்சுத் துளையில் வடிகட்டி இருப்பதால் பஞ்சு அதனுள் போவதில்லை. ஆனால் கணினி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் மந்தமாகவே தோன்றும். விசிறியின் வாயைச் சுத்தம் செய்த மாத்திரத்தில் ‘வைரஸ்’ நீங்கிய சங்கங்களும் உண்டு!

பழுதை அறியும் வழி

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே ஒரு பதிவேட்டில் குறித்துவருகிறது. இதற்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளைத் திறந்தால் அப்பதிவேட்டைக் காணலாம். அதில் பல வரிகள் இருக்கும். குமாஸ்தா கவனிக்க வேண்டியவை மூன்றே. ஐந்தாம் எண் வரி, மாற்றப்பட்ட கட்டங்களின் தொகை. 197ஆம் எண் வரி, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் கட்டங்களின் தொகை. 198ஆம் எண் வரி, திருத்த இயலாதவற்றின் தொகை. சில மென்பொருள்கள் பின்னிரண்டையும் சி5, சி6 என்று காட்டும். மூன்றும் பூஜ்யமாக இருப்பதே நலம். ஒன்று தோன்றிவிட்டாலே கவனம் வேண்டும். வாரத்துக்கு வாரம் ஏறினால் காத்திருக்கலாகாது.

இது வெறும் அச்சமன்று. 2007இல் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த மூவர், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கவனித்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில், பரப்புச் சோதனையில் முதற்பிழை தோன்றிய வன்தட்டு அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையற்ற வன்தட்டைக் காட்டிலும் 39 மடங்கு என்று கண்டனர். அதே கட்டுரையில் மற்றோர் உண்மையும் இருக்கிறது: செயலிழந்தவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றையும் காட்டாமலே போயின. எனவே ‘ஸ்மார்ட்’ கெட்டது என்று சொன்னால் நம்பலாம்; நல்லது என்று சொன்னால் அவ்வளவு நம்பலாகாது.

காதாலும் அறியலாம். ‘டக், டக்’ என்று ஒரே சீராகத் தட்டும் ஓசை எழுந்தால், படிப்பு முனை தன் இடத்தைக் காணமுடியாமல் தவிக்கிறது என்று பொருள். அப்போது உடனே கணினியை அணைத்துவிட வேண்டும். சோதித்துப் பார்ப்பதற்காகவுங்கூட மறுபடி போடலாகாது. புதிய மடிக்கணினிகளில் உள்ள எஸ்.எஸ்.டி. என்னும் திடநிலைத் தட்டில் சுழலும் பகுதியே இல்லை. ஆதலால் ஓசையும் இல்லை. அது பழுதானால் முன்னறிவிப்பின்றி ஒரே நாளில் மறைந்துபோவதும் உண்டு. புதிய இயந்திரம் என்ற தைரியம் இவ்விஷயத்தில் உதவாது.

வைரஸ் புகும் வாயில்கள்

கணினி வைரஸ்களின் சரித்திரம் நமக்கு மிக அருகிலேயே தொடங்குகிறது. ஐ.பி.எம். வகைத் தனிக் கணினிகளில் முதன்முதலில் பரவிய ‘பிரெயின்’ என்னும் வைரஸ், 1986இல் லாகூரில் எழுதப்பட்டு ஃபிளாப்பித் தகடுகள் வழியே நாடு கடந்தது. இன்று ஃபிளாப்பியின் வேலையைப் பென் டிரைவ் செய்கிறது. சங்கத்திலிருந்து ஜெராக்ஸ் கடைக்கும், அங்கிருந்து மேலலுவலகத்துக்கும், மீண்டும் சங்கத்துக்குமாக அலையும் அந்தச் சிறு குச்சியே பெரும்பாலான தொற்றுகளுக்குத் தூதன்.

இதன் ஒருவகையை அநேகமாக எல்லாக் குமாஸ்தாக்களும் பார்த்திருப்பார்கள். பென் டிரைவைச் செருகினால் கோப்புறைகள் எல்லாம் ‘ஷார்ட்கட்’ ஆக மாறிக் கிடக்கும். கோப்புகள் அழிந்துவிட்டன என்று பதறி, பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அவை அழியவில்லை. மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவே. மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்துக்கொண்டால் மீண்டும் தென்படும். அந்தப் போலி ஷார்ட்கட்டை அழுத்துவதால்தான் வைரஸ் விழித்துக்கொள்கிறது. மின்னஞ்சலில் ‘பில்’ என்ற பெயரோடு வரும் கோப்பும் அவ்வாறே. பெயரின் நடுவில் பி.டி.எஃப். என்று இருந்து, இறுதியில் இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் அது பில் அன்று, நிரல். விண்டோஸ் வழக்கமாகப் பெயரின் இறுதிப் பகுதியை மறைத்துவிடுவதால் ஏமாற்றம் எளிதாகிறது. பணம் கொடுத்து வாங்காமல் யாரோ பூட்டுடைத்துக் கொடுத்த கணக்கு மென்பொருளும், தமிழ் தட்டச்சு மென்பொருளும் மூன்றாவது வாயில். சில நூறு ரூபாய்ச் சிக்கனம் என்று இதை ஆதரிக்கும் காரியதரிசிகளின் கருத்தை நான் ஒப்புவதற்கில்லை.

இனி, இரண்டு நோய்களையும் பிரித்தறிவது எங்ஙனம்? ‘டாஸ்க் மானேஜர்’ என்னும் பலகையைத் திறந்து பார்க்க வேண்டும். வன்தட்டின் வேலைப்பளு நூற்றுக்கு நூறு என்று நின்று, ஆனால் நொடிக்குச் சில கிலோபைட்டுகளே நகர்கின்றன என்றால் ஐயம் வன்தட்டின்மீது. ஒரு குறிப்பிட்ட கோப்பைத் திறக்கும்போதெல்லாம் அதே இடத்தில் உறைகிறது, நீலத்திரை வருகிறது, திறக்கும்போதே வன்தட்டுச் சோதனை தானாகத் தொடங்குகிறது என்பனவும் அவ்வினமே. மாறாக, யாரும் தொடாதபோதும் செயலி முழு மூச்சில் ஓடுகிறது, உலாவியைத் திறந்தால் கேட்காத பக்கங்கள் வருகின்றன, வைரஸ் தடுப்பு மென்பொருள் தானே அணைந்துகிடக்கிறது என்றால் ஐயம் தீய நிரலின்மீது. ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன, இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்’ என்று திரையில் அலறும் அறிவிப்பு, மோசடிக்காரர் விரிக்கும் வலை. அந்த எண்ணைக் கூப்பிடவே கூடாது.

நிற்க. இருவகை அடையாளங்களும் கலந்து காணப்பட்ட ஒரு சங்கத்தின் கதையைக் கூறுகிறேன். ஒரு நெசவாளர் சங்கத்தில் தணிக்கைக்குப் பத்து நாட்கள் இருக்கையில் மடிக்கணினி மந்தமாயிற்று. பென் டிரைவில் ஷார்ட்கட் தோன்றியிருந்தபடியால் வைரஸ்தான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. குமாஸ்தா பொறுப்புள்ளவர், புதிய வைரஸ் தடுப்பு மென்பொருளை ஏற்றி, ‘முழுச் சோதனை’யைத் தொடங்கிவிட்டு மாலையில் வீடு சென்றார். முழுச் சோதனை என்றால் கணினியிலுள்ள இலட்சக்கணக்கான கோப்புகளை ஒன்றுவிடாமல் திறந்து படிப்பது. நல்ல வன்தட்டுக்கு அது ஒரு சுமையன்று. இந்த வன்தட்டோ ஏற்கெனவே கட்டங்கள் கெட்டுத் திணறிக்கொண்டிருந்தது. இரவு முழுவதும் கெட்ட இடத்திலேயே முட்டி மோதி, காலையில் இயந்திரம் எழவில்லை. எட்டு மாதக் கூலிப் பட்டியலும் நூல் வழங்கல் கணக்கும் அதனுள் இருந்தன. அங்கத்தினர்களின் பாஸ் புத்தகங்களையும், கிடங்குக்காரர் தம் பழக்கத்தால் காகிதத்தில் எழுதிவந்த நூல் சிட்டைகளையும் கொண்டு, அந்தக் கணக்கை மூன்று பேர் ஒரு மாதம் அமர்ந்து மறுபடி எழுதினார்கள். பாஸ் புத்தகத்தில் பதியாமல் விட்ட கூலிக்கு என்ன செய்வது? பதினான்கு நெசவாளர்களின் பாக்கி, அவர்கள் சொல்லை நம்பியே தீர்மானிக்கப்பட்டது. அந்தக் குமாஸ்தா செய்த காரியம் தவறானதன்று, வரிசைதான் மாறிவிட்டது.

செய்ய வேண்டிய வரிசை

ஐயம் தோன்றியவுடன் முதலில் இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். வைஃபையை அணைத்துவிட்டால் போதும். பிற பென் டிரைவ்களைச் செருகலாகாது. வன்தட்டு படிக்கக்கூடிய நிலையில் இருக்கிறதா, ‘டக் டக்’ ஓசை உண்டா என்பதை மட்டும் கவனித்து, கணினியை அணைத்துவிட வேண்டும். ‘செக் டிஸ்க்’ என்னும் பழுதுபார்க்கும் கட்டளையை இந்நிலையில் ஓட்டவே கூடாது. அது கோப்பு அமைப்பைச் சரிசெய்வதாக எண்ணிக்கொண்டு, வன்தட்டின்மேல் எழுதவும் தொடங்கும். மீட்கக்கூடியதையும் மீட்க முடியாமல் செய்துவிடக்கூடும்.

அடுத்து, பிரதி எடுத்தல். இதை அந்த விண்டோஸுக்குள் இருந்துகொண்டு செய்வது உசிதமன்று. விண்டோஸ் ஓடும்போதெல்லாம் வன்தட்டில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும், வைரஸும் விழித்திருக்கும். வேறொரு நல்ல கணினியில், உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயக்க அமைப்பை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, நோயுற்ற கணினியை அதிலிருந்து தொடங்கினால், வன்தட்டிலுள்ள விண்டோஸ் உறங்கிக்கொண்டிருக்கும். அதிலுள்ள கோப்புகளை மட்டும் நாம் பார்க்கலாம். விண்டோஸுக்கென எழுதிய வைரஸ் அங்கே செயற்படாது. வன்தட்டைக் கழற்றி, யு.எஸ்.பி. இணைப்பான் மூலம் வேறொரு கணினியில் மாட்டிப் படிப்பதும் ஒரு வழியே. ஒன்று மட்டும்: புதிய மடிக்கணினிகளில் வன்தட்டு பிட்லாக்கர் என்னும் பூட்டினால் பூட்டப்பட்டிருக்கலாம். அதற்குரிய 48 இலக்க மீட்புச் சாவி இல்லாவிட்டால் உள்ளே எதையும் காண இயலாது. அந்த எண்ணை இன்றே, கணினி நலமாக இருக்கும்போதே, தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் வைத்துவிடுமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

எவற்றை முதலில் பிரதி எடுப்பது? இதில் பலர் தவறுகிறார்கள். வன்தட்டு முழுவதையும் ஒரே மூச்சில் நகலெடுக்க முற்பட்டு, திரைப்படங்களும் திருமணப் படங்களும் நகர்ந்துகொண்டிருக்கையில் வன்தட்டு உயிர்விட்டுவிடும். சங்கத்தின் கணக்குக் கோப்புகள் அளவில் மிகச் சிறியவை. பத்தாண்டுக் கணக்குகூடச் சில ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடுவது வழக்கம். டேலி போன்ற கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறை, எக்ஸெல் பட்டியல்கள், தீர்மான நகல்கள் ஆகியவற்றை முதலில் எடுக்க வேண்டும். எழுத்துருக் கோப்புகளையும் மறக்கலாகாது. நம் அலுவலகங்களில் பழைய கடிதங்கள் பல வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் உள்ளன. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லையெனில், கடிதம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். அதைக் கண்டு, வைரஸ் கோப்பைக் கெடுத்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. இ.எக்ஸ்.இ. என முடியும் நிரல்களையும் ஷார்ட்கட்டுகளையும் பிரதி எடுக்க வேண்டா. நோய் அவற்றோடு வரும்.

முக்கியமானவை வந்த பிறகு, மீதியையும் காக்க விரும்பினால் ‘டி.டி.ரெஸ்கியூ’ என்னும் லினக்ஸ் கருவி இருக்கிறது. அது நல்ல இடங்களை முதலில் விரைவாகப் பிரதி எடுத்துவிட்டு, கெட்ட இடங்களை இறுதிக்கு ஒத்திவைக்கும். எதுவரை எடுத்தது என்பதற்கு ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்ளும். நலமான 500 ஜிகாபைட் வன்தட்டை முழுவதும் படிக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும்; நோயுற்றதற்கு நாட்கணக்கில் ஆகலாம். ஓசை எழுப்பும் வன்தட்டை நாமே தொடாமல், தரவு மீட்புக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். செலவு பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஆதலால் நிர்வாகக் குழுவின் தீர்மானம் தேவை. வன்தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் உயிர் வரும் என்று சிலர் யோசனை கூறுவர். உள்ளே ஈரம் படிந்து, இருந்ததும் போவதே அதன் பலன். மூடியைத் திறந்து பார்ப்பதும் அவ்வாறே; தூசியற்ற தனி அறையில் செய்யும் வேலை அது.

பழுதுபார்க்கும் கடைக்குக் கொடுக்க நேர்ந்தால், ‘சரிசெய்து கொடுங்கள்’ என்று மட்டும் சொல்லக்கூடாது. கடைக்காரருக்கு விரைவான வழி ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. அவர் நோக்கில் அது குற்றமுமன்று. கணினி நன்றாக ஓடுகிறதல்லவா? ‘உள்ளிருக்கும் தகவல்களை அழிக்கலாகாது’ என்று ரசீதிலேயே எழுதி அவர் கையெழுத்தைப் பெற வேண்டும். கூடுமானால் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு எஞ்சியதைக் கொடுப்பது மேலும் நலம்.

கணக்குகள் பத்திரமான பிறகே வைரஸைப் பற்றிய யோசனை. வன்தட்டும் பழுது, வைரஸும் உண்டு என்னும்போது, பழைய தட்டைச் சுத்தம் செய்து காலம் கழிப்பது வீண் வேலை. சில ஆயிரம் ரூபாயில் புதிய திடநிலைத் தட்டொன்றை வாங்கி, விண்டோஸை அதிகாரபூர்வமான மூலத்திலிருந்து புதிதாக ஏற்றுவதே முடிவான சிகிச்சை. விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. ஆகவே புதிதாக ஏற்றும்போது அடுத்த பதிப்பை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிரதி எடுத்த கோப்புகளைத் திறப்பதற்கு முன் வைரஸ் சோதனை செய்ய வேண்டும். வன்தட்டு நலமாகவே இருந்து வைரஸ் மட்டும் இருந்தால், விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டரின் ‘ஆஃப்லைன்’ சோதனையை ஓட்டலாம். அது விண்டோஸ் விழிக்கும் முன்பே சோதிப்பதால், ஒளிந்திருக்கும் நிரல்களும் அகப்படும். அதன்பின் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். மாற்றுவது நலமான வேறு கணினியிலிருந்து. நோயுற்ற கணினியில் மாற்றினால் புதிய சொல்லையும் திருடனிடம் சொன்னதாகவே ஆகும். சங்கக் கணக்கில் பணம் போயிருப்பதாகத் தெரிந்தால், நேரம் கடத்தாமல் 1930 என்னும் எண்ணுக்கும் வங்கிக்கும் அறிவிக்க வேண்டும்.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ‘ரேன்சம்வேர்’ என்பது இவற்றுள் கொடியது. 2017 மே மாதத்தில் ‘வான்னாகிரை’ என்பது ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கிற்று. அதற்குரிய திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது, ஏற்றிக்கொண்டவர்கள் தப்பினர். நம் துறைக்கே நெருங்கிய நிகழ்ச்சி 2024 ஜூலை இறுதியில் நடந்தது. சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை அளித்துவந்த ஒரு நிறுவனம் தாக்கப்படவே, ஏறத்தாழ 300 கூட்டுறவு, கிராம வங்கிகள் தேசியப் பணப் பரிவர்த்தனை அமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டன. கோப்புகளின் பெயர்கள் கண்முன்னே மாறத் தொடங்கினால், யோசிக்காமல் இணையத்தைத் துண்டித்துக் கணினியை அணைக்க வேண்டும். பணம் கொடுத்தால் கோப்பு திரும்புமென்பதற்கு உத்தரவாதம் இல்லை. பூட்டிய கோப்புகளை அழிக்காமல் வைத்துக்கொள்வது நலம். டச்சுக் காவல்துறையும் ஐரோப்பியக் காவல் அமைப்பும் பிறரும் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ என்னும் திட்டம், சிலவகைப் பூட்டுகளுக்குச் சாவிகளை இலவசமாகத் தருகிறது. இத்தகைய தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் ‘செர்ட்-இன்’ அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டுமென்பது 2022 ஏப்ரலில் பிறந்த உத்தரவு.

மேற்கண்ட சிரமங்கள் அனைத்தும், முந்தைய சனிக்கிழமை எடுத்த பிரதி ஒன்று கையில் இருந்தால் பாதியாகக் குறைந்துவிடும். வெளித்தட்டுகள் இரண்டு வாங்கி, வாரம் மாற்றி வாரம் பிரதி எடுப்பது எளிய ஏற்பாடு. எடுத்து முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியபடியே விட்டால் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும். ஒன்று சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருக்கட்டும். மற்றொன்று வேறு கட்டடத்தில், மத்தியக் கூட்டுறவு வங்கியின் பெட்டகத்தில் இருந்தால் உத்தமம். இணையக் கோப்புறையில் தானே ஏறிக்கொள்ளும் என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இங்கே கெட்டது அங்கேயும் கெட்டதாகவே ஏறும் என்பதால், பழைய பதிப்புகளை மீட்கும் வசதி உண்டா என்று பார்த்துக்கொள்வது அவசியம். மாதம் ஒருமுறை பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்த்து, ‘திறந்தது’ என்று குறிப்பேட்டில் காரியதரிசி கையொப்பமிட வேண்டும். ஆய்வுக்கு வரும்போது இந்தக் குறிப்பேட்டை ரொக்கப் புத்தகத்தோடு சேர்த்தே நான் கேட்கிறேன். அங்கத்தினர்களும் பொதுக்குழுவில் கேட்கலாம். கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

பழைய வன்தட்டை என்ன செய்வது என்பது எஞ்சியுள்ளது. அங்கத்தினர்களின் ஆதார் எண்களும் வங்கிக் கணக்கு எண்களும் அதில் இருக்கின்றன. பழுதுற்ற தட்டை மென்பொருளால் முழுவதும் அழித்துவிட்டோம் என்று நிச்சயமாகக் கூற முடியாது. எழுத இயலாத கட்டங்களில் பழைய தகவல் அப்படியே கிடக்கும். ஆகவே அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடலாகாது. மீட்பு வேலை முழுவதும் முடிந்தது என்று குழு ஏற்றுக்கொண்ட பிறகு, இரு சாட்சிகள் முன்னிலையில் தட்டுகளை உடைத்துவிட வேண்டும். மடிக்கணினி வன்தட்டுகளில் தட்டுகள் பெரும்பாலும் கண்ணாடியால் ஆனவை. சம்மட்டியால் அடித்தால் தூளாகிச் சிதறும். துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டு அடிக்க வேண்டும். பின்னர்த் தளவாடப் பதிவேட்டில், வன்தட்டின் வரிசை எண், உடைத்த தேதி, தீர்மான எண் ஆகியவற்றைக் குறித்து, அந்த வரியை நீக்கிக் கணக்கு முடிக்கலாம்.